இருபத்துநான்காம் வாரம்

முருகன் துணை

வெள்ளவத்தை,
02.09.1996

அன்புள்ள ஜவாஹிறாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உனக்காக நான் முருகனிடம் கேட்கிறேன், எனக்காக நீ உன் தொழுகையில் கேள். யாருடைய மனு முதலில் போய்ச் சேருகிறதென்று பார்ப்போம்.

ஆடி மாதம் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. புத்தளத்துத் தபாற்காரன் உங்கள் முகாமுக்குள் வருவதில்லையா, அல்லது என் மேல் கோபமா? மழைக்குக் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். கிடுகு மாற்றினீர்களா? பதியுதீன் அண்ணரின் இருமல் எப்படி?

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஒரே பேப்பரை இரண்டு தரம் வாசிக்கிறார். தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த பிறகு பிள்ளை கௌசலாவை ரயிலில் விடுவதில்லை. பம்பலப்பிட்டிக்குக் கணக்கியல் வகுப்புக்குப் பஸ்ஸில்தான் போகிறாள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வகுப்புக் கடிதம் மூன்றும் பையில் இருக்கிறதா என்று வாசலில் நான் எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புவேன். அவள் வீடு திரும்பும்வரை என் காது கேற்றில்தான் இருக்கும்.

இனி விஷயம். போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கினேன். என் புத்தகக் கொப்பி உனக்குத் தெரியும்தானே. எந்தப் புத்தகம் எப்போது வந்தது, யார் இரவல் கொண்டுபோனது, எந்தத் தேதியில் திரும்பியது என்று பதின்மூன்று வயதிலிருந்து எழுதி வருகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு மறிக்கப்பட்ட எனக்கு அந்த அலுமாரிதான் பள்ளிக்கூடம். கொப்பியின் முதல் வரியில் என்ன பெயர் சொல் பார்ப்போம்? ‘நரிமுனைக் கலங்கரை’. மதராஸ் சிறுவர் பத்திரிகையில் கிழமைக்கு ஒன்றாக வந்த தொடரைப் பக்கம் பக்கமாகக் கழற்றி, சோனகத்தெருவில் உன் வாப்பாவின் கடைச் சணல் நூலால் நாங்கள் இருவரும் தைத்த அதே கட்டு. அறுபத்திரண்டாம் ஆண்டு. நாற்பத்தொரு வாரம்.

அதில் இருபத்துநான்காம் வாரம் மட்டும் அச்சில் இல்லை. அந்த முறை கப்பலில் பத்திரிகை வரவில்லை. கடத்தல்காரரின் லொறி மரப்பாலத்தை நெருங்குகிற இடத்தில் கதை நிற்க, நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். நீ மன்னாரில் மாமா வீட்டுக்குப் போய், அங்கே இருந்த பத்திரிகையைப் பார்த்தெழுதிக்கொண்டு வந்து தந்தாய். வீரமணி திருவிழா வாண மருந்தைச் சிரட்டையில் அடைத்து, பாலத்தின் நடுக் காலில் கட்டி, தங்கை செல்லி திரியைத் தலைமுடிக்குள் நனையாமல் கொண்டுவருகிற கட்டம். பாலத்தின் படமும் கீறியிருந்தாய், எங்கே கட்டவேண்டும் என்று அம்புக்குறி போட்டு. முழுத் தொடரிலும் இந்த வாரம்தான் திறம். இன்றைக்கும் பாடமாகச் சொல்லுவேன்.

உன் தாள்கள் பூச்சி அரித்து உதிரத் தொடங்கிவிட்டன. கௌசலாவைக் கொண்டு புதுத்தாளில், படத்தையும் சேர்த்து, அப்படியே எழுதுவித்தேன். கட்டைத் திருப்பித் தைக்கக் கொடுக்கப்போகிறேன். பழைய தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தொண்ணூறில் இயக்கம் உங்கள் சனம் முழுவதையும் ஊரை விட்டு அனுப்பியபோது ஒன்றும் கொண்டுவர விடவில்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் எனக்கு ஒரு சொல் எழுதியதில்லை, நானும் கேட்கத் துணியவில்லை. சின்ன வயது ஞாபகமாக இந்த நாலு தாளாவது உன் கையில் இருக்கட்டும்.

உன் அன்புக்குரிய,
சிவக்கொழுந்து


786

புத்தளம்,
07.09.1996

அன்புக் கொழுந்துக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். கோபமெல்லாம் இல்லை. மூன்று பெண்பிள்ளைகளும் ஒரு குசினியும் உள்ளவளுக்குக் கோபிக்க எங்கே நேரம்? கூரை மாற்றியாயிற்று. அவர் இருமுகிறார். இருமாத நேரத்தில் என்னை ஏசுகிறார்.

தாள்களைப் பார்த்ததும் என் கையெழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ‘ற’வுக்கு எவ்வளவு நீட்டு வால் போட்டிருக்கிறேன். மூத்தவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பாலம் வெடிக்கிற இடத்தில் எனக்கே மயிர் கூச்செறிந்தது. ஆனால் அவர் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் கறுத்துவிட்டார். “உம்மட சிநேகிதிக்கு வாசிப்புக் கூடிப்போச்சு, புத்தி வரேல்ல. பாலம் உடைக்கிற கதையை இந்தக் காலத்தில தபாலில போடுறதா? வழியில ஆராவது பிரிச்சிருந்தா?” என்றார். தாள்களை வாங்கித் தன் ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அவர் பயந்த சுபாவம். ஆனாலும் கௌசலா எழுதின பிரதியை வெளியே கொண்டு திரியவேண்டாம். தைக்கிறவரை வீட்டுக்கு வரச் சொல்.

அந்த வாரத்தைப் பற்றி உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முப்பத்துநாலு வருடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். கடிதத்தில் வேண்டாம், நேரில் சிரித்துக்கொண்டு சொல்லுவேன்.

ஜவாஹிறா


முருகன் துணை

வெள்ளவத்தை,
12.09.1996, வியாழன்

ஜவாஹிறா,

உன் கடிதம் இன்று பத்து மணிக்குக் கிடைத்தது. ஒரு நாள் பிந்திவிட்டது.

நேற்று மத்தியானம் வகுப்பு முடிந்து வரும் வழியில், தாள்களைத் தைக்கிறவரிடம் கொடுக்கவென்று கௌசலா தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ஃபைலைத் திறந்த பெண் பொலிஸ் முதலில் படத்தைத்தான் கண்டாள். பாலம். நடுக்காலில் அம்புக்குறி. தமிழ் எழுத்து. மற்றவர்களை ஏற்றி பஸ்ஸை அனுப்பிவிட்டு இவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

தாளின் தலைப்பில் தேதி இருக்கிறது. அது என்னால் வந்தது. எதைப் பார்த்தெழுதினாலும் அன்றைய தேதியைப் போடு என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறேன். போட்டிருக்கிறாள், 31.08.1996 என்று. எதைப் பார்த்து எழுதினது என்று போட நான் பழக்கவில்லை. ஜவாஹிறா, போன மாதத்துத் தேதியோடு ஒரு பாலத்தின் படம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாய்க்கால் பாலம் இருக்கிறது.

நானும் இவரும் கட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினோம். இன்ஸ்பெக்டர் சத்தம் போடாத மனிதர். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைப் பக்கத்தில் இருத்தி வாசிப்பித்தார். இருபத்துமூன்றாம் வாரம் லொறி வருகிறது. இருபத்தைந்தாம் வாரம் ‘பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது’ என்று தொடங்குகிறது. காட்டினேன். கொன்ஸ்டபிள் தலையாட்டினான். “ஓம் மாத்தையா, சின்னப் பிள்ளைகளின்ட கதைதான்.”

“அப்ப இருபத்துநாலு எங்கே, அம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இதுதான் மாத்தையா. அச்சடிச்சதைப் பார்த்து எழுதினது.”

“அச்சடிச்சதைக் காட்டுங்க.”

“எங்களிட்ட இல்லை.”

அவர் கட்டை மூடி மேசையில் வைத்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். கதிர்காமக் கந்தன். கீழே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “எங்களுக்கும் அவர்தான், உங்களுக்கும் அவர்தான். அவர்ட மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, இது அச்சில வந்தது எண்டு.” கொன்ஸ்டபிள் தமிழில் சொல்ல, நான் கையை உயர்த்திச் சத்தியம் பண்ணினேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஏன் யோசிக்க வேண்டும்?

அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேலதிகாரிக்குக் காட்ட அச்சடித்த பக்கம் வேண்டுமாம். வருகிற வியாழன் வரைக்கும்தான் அவளை இங்கே வைத்திருக்க முடியுமாம். அதற்குப் பிறகு மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வரும் என்றார். மேலிடத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றி இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: “அம்மா, நான் எழுத்துப்பிழை ஏதும் விட்டனானோ?”

நீ செய்ய வேண்டியது இரண்டு. பழைய தாள்களை உடனே அனுப்பு. மன்னாரில் யாரிடம் இருந்த பத்திரிகையைப் பார்த்தாய் என்று எழுது. இங்கேயும் ஒரு கதவு திறந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸ் மாஸ்டர் என்று ஒரு வயதானவர், அந்தப் பத்திரிகையை முதல் இதழிலிருந்து கட்டி வைத்திருக்கிறாராம். ஞாயிறு பூசை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் கிடைத்தால் நேரே இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோவேன்.

விரதம் இருக்கிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்தை மன்னி.

சிவக்கொழுந்து


786

புத்தளம்,
14.09.1996, சனி

கொழுந்து,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இங்கே முகாமில் இருக்கிற நிலாமின் கருவாட்டு லொறி கொழும்புக்குப் போகிறது. அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிளறன்ஸ் மாஸ்டரிடம் போய்விட்டாயானால் அந்தப் பக்கத்தை ஸ்டேசனுக்குக் கொண்டுபோகாதே. முதலில் இதை வாசி.

நான் எதையும் பார்த்தெழுதவில்லை.

மன்னாரில் மாமா வீட்டில் பத்திரிகையே இல்லை. அங்கே ஓலைப்பாயும் மீன்வலையும்தான் இருந்தன. நீ அழுதுகொண்டு இருப்பாய் என்று நினைத்து நினைத்து, இரண்டு நாள் கிணற்றடியில் இருந்து நானே எழுதினேன். வாணம், சிரட்டை, செல்லியின் தலைமுடி, எல்லாம் என் தலைக்குள் வந்ததுதான். கொடுத்துவிட்டுச் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். நீ வாசித்து முடித்துவிட்டு, “இந்தக் கதை எழுதுறவர் உலகத்திலேயே பெரிய ஆள்” என்றாய். பிறகு எப்படிச் சொல்ல?

அடுத்த வருடம் நோன்பு நேரம், சீனி சுற்றுவதற்கென்று வாப்பா கடைக்கு வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் அந்த வாரத்தைக் கண்டேன். அச்சில். கொழுந்து, அதில் வெடி இல்லை, வாணம் இல்லை. மலையில் மழை பெய்து வெள்ளம் வந்து பாலத்தை அள்ளிக்கொண்டு போகிறது. வீரமணி மரத்தில் ஏறியிருந்து பார்க்கிறான், அவ்வளவுதான். உன் கண்ணில் படக்கூடாதென்று அந்தப் பக்கத்தில் சீனி சுற்றி யாரோ ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது விளங்குகிறதா? நீ அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “கதையில் வெள்ளம், இவள் எழுதினதில் வெடி” என்றுதான் சொல்வார்கள். உன் கையாலேயே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்ததாகிவிடும்.

பழைய தாள்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. திறப்பு அவரிடம். நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். “கொண்டு போய் என்னெண்டு சொல்லப்போறீர்? பாலம் உடைக்கிற வழியை நான்தான் யோசிச்சன் எண்டா? உம்மை உள்ள வச்சா இந்த மூண்டு குமருகளையும் நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார். பிறகு, அவர் சாதாரணமாகச் சொல்லாத ஒன்றையும் சொன்னார். “ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டுப் போங்க எண்டவங்கட ஆக்களுக்காகவா?”

அந்த ஆட்கள் வேறு, கொழுந்து வேறு என்று சொன்னேன். அவர் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வெளியே போனார். பின்னால் போய் இன்னொருமுறை கேட்க என்னால் முடியவில்லை. நான் பயந்தவள். எழுதும்போதுதான் எனக்குத் துணிவு வரும், பதின்மூன்று வயதிலும் அப்படித்தான்.

என்னை மன்னி. என்னால் வர முடியாது.

ஜவாஹிறா


முருகன் துணை

வெள்ளவத்தை,
15.09.1996, ஞாயிறு மாலை

ஜவாஹிறா,

உன் கடிதம் வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிளறன்ஸ் மாஸ்டர் கோயில் உடுப்போடேயே எங்களுக்காகக் காத்திருந்தார். வீடு முழுக்கப் புத்தகம், நடக்க இடமில்லை. அறுபத்திரண்டாம் ஆண்டுக் கட்டை எடுத்து, தூசி தட்டி, தானே வாசிக்கத் தொடங்கினார், பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல ஏற்றி இறக்கி. “வெள்ளம் வருகுது அண்ணா, வெள்ளம் வருகுது, என்று செல்லி கத்தினாள்.” நான் பக்கத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். இருபத்துநாலுதான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாஸ்டர் என் முகத்தைக் கண்டு தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

“கொண்டு போங்கோ அம்மா, ஆனா பக்கம் மடியாமத் திருப்பித் தாங்கோ” என்றார். கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். சாவடியில் எங்களை இறக்கிக் கட்டைத் திறந்து பார்த்தார்கள். படத்தில் மரத்தின்மேல் ஒரு பையன். சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அதில் ஒரு பயமும் இல்லைத்தானே.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நிலாம் படியில் இருந்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். தேடிப் பார்க்கிறேன், பயம் மட்டும்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. இத்தனை வருடமாக அந்த எழுத்தாளரின் பெயரைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றும் எனக்கு. அந்தக் கும்பிடு உனக்கு வரவேண்டியது. என்னிடம் வாங்கிக்கொள்ளாமல் இருந்துவிட்டாயே.

இவர், “அந்தக் கட்டைக் காட்டவே வேண்டாம், அந்த ஒரு பக்கம் கிடைக்கேல்ல எண்டு சொல்லிவிடுவம்” என்கிறார். அதனால் என்ன பயன்? வியாழன் வந்துவிடும். அச்சடித்தது என்று கதிர்காமக் கந்தன்மேல் நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். தெரியாமல் பண்ணினது, அவன் மன்னிப்பான். இனிப் பண்ணப்போவது தெரிந்தே பண்ணுவது.

கௌசலாவுக்கு எழுதப் பழக்கியது நான். அவள் எழுத்தும் என் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். செவ்வாய் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாராம். நான்தான் கற்பனை பண்ணி, நான்தான் போன மாதம் எழுதினேன், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லப்போகிறேன். என்னை வைத்துக்கொண்டு அவளை விடட்டும். அவளுக்குப் பத்தொன்பது வயது.

நீ வா என்று கேட்கமாட்டேன். கேட்க எனக்கு முகம் இல்லை. உங்களை அனுப்பிய அன்றைக்கு எங்கள் ஆட்களில் ஒருவர்கூடப் படலைக்கு வெளியே வந்து கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கொழும்பில் இருந்தேன் என்பது ஒரு சாட்டுத்தான். இங்கே இருந்தாவது ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

நிலாம் காத்துக்கொண்டு இருக்கிறான். முடிக்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

சிவக்கொழுந்து


786

செவ்வாய், 17.09.1996
காலை எட்டே முக்கால்

கொழுந்து,

இதை ஸ்டேசன் வாசலில் போட்டிருக்கிற வாங்கில் இருந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவரை உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடு. உன் பதியுதீன் அண்ணர்தான்.

நேற்றுப் பின்னேரம் உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதி வரைக்கும். எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். எரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தாள்களை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து வாசித்தார். அன்றைக்குப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார், கதையை இப்போதுதான் வாசித்தார். அவர் வாசிப்பது மெதுவாக, உனக்குத் தெரியும். அசர் தொழுகையிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் நாலு தாள். முடித்துவிட்டு, “நனைஞ்ச தலைமுடிக்குள்ள திரி எப்பிடி நனையாம இருந்தது?” என்று கேட்டார். எண்ணெய்ச் சீலையில் சுற்றி என்று எழுதியிருக்கிறேனே, பாருங்கள் என்றேன். திரும்பத் தேடிப் பார்த்தார். “பதிமூண்டு வயசில எண்ணெய்ச் சீலை வரைக்கும் யோசிச்சிருக்கிறீர்” என்றார். அவ்வளவுதான். விடியச் சுபஹு தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டோம். பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஸமீமாவோடு இருக்கிறார்கள்.

நீ இங்கே வராதே. இரண்டு பேர் வந்து இரண்டு கதை சொன்னால் பிள்ளைதான் மாட்டும். உன் பொய் உனக்குச் சரிவராது, நீ தேதி போடாமல் ஒரு பொய்கூடச் சொல்லமாட்டாய். நான் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். அந்தக் கொப்பித் தாள், அந்த மை, என் பதின்மூன்று வயதுக் கையெழுத்து எல்லாம் பையில் இருக்கின்றன. எழுதச் சொன்னால் எழுதிக் காட்டுவேன். ‘ற’வுக்கு இப்போதும் வால் நீளம்தான்.

பயமாக இருக்கிறது. பக்கத்தில் முகத்துவாரத்து அம்மா ஒருத்தி இருக்கிறாள், மகனைத் தேடிப் பன்னிரண்டு நாளாக வருகிறாளாம். எனக்குத் தன் வெற்றிலையில் பாதியைத் தந்தாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பிழையாகத்தான் சொல்கிறார்கள். எழும்புகிறேன்.

ஜ.


முருகன் துணை

18.09.1996, புதன்

அன்புள்ள ஜவாஹிறாவுக்கு,

இந்தக் கடிதம் சோற்றுப் பார்சலோடு வருகிறது. பார்சலைத் திறக்கிற ஐயாமாரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. சோறு உங்கள் ஆட்களின் கடையில் வாங்கினது, பயப்படாமல் சாப்பிடு.

கௌசலா நேற்று ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கேற்றுச் சத்தம் கேட்டது, வாசலுக்கு ஓடினேன். அவள் பையை வாங்கி, அட்டை, துண்டு, கடிதம் மூன்றும் இருக்கிறதா என்று எண்ணினேன். குளித்துவிட்டுச் சாமி அறையில் நெடுநேரம் இருந்தாள். பிறகுதான் சொன்னாள்.

உன்னை மேசையில் இருத்தி எழுதச் சொன்னார்களாம். முதல் நாலு வரி போதும் என்றார்களாம். நீ நிறுத்தவில்லையாம், பாலம் வெடிக்கிறவரைக்கும் பாடமாக எழுதிக்கொண்டே போனாயாம். தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் பழைய தாளையும் புதுத்தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரலால் தொட்டுப் பார்த்தானாம். “ஒரு சொல்லும் மாறேல்ல” என்றானாம். அவளை வெளியே அனுப்புமுன் உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். “அன்ரி, உங்கட எழுத்தைத்தான் நான் பார்த்து எழுதினனான்” என்று இவள் சொல்ல, “வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை, ஒரு பிழையும் இல்லை” என்றாயாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். அதுவரை அழவில்லை.

நீ வெளியே வருவாய் என்று ஆறு மணிவரை பதியுதீன் அண்ணர் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றிருக்கிறார். பெரிய மாத்தையா ஒருவர் வந்து பார்க்கவேண்டும், அதுவரை அந்த அம்மா இருக்கட்டும் என்று சொன்னார்களாம். எத்தனை நாள் என்று சொல்லவில்லையாம்.

அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இவரும் அவரும் முன் அறையில் எதிரெதிரே இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் கதைக்கத் தெரியாது. காலையில் அவர், “அந்தப் புத்தகத்தைத் தாங்க, முன்னுக்கு என்ன நடந்தது எண்டு பாப்பம்” என்று கேட்டு வாங்கினார். எட்டாம் வாரத்தில் இருக்கிறார். இருமல் குறைவு.

ஐயாமாருக்கு இது: நான் போன புதன் கதிர்காமக் கந்தன்மேல் சத்தியம் பண்ணிச் சொன்னது பிழை. அந்த வாரம் அச்சில் வந்தபடி இல்லை. அச்சில் வெள்ளம்தான். அந்தக் கட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், இரவல் தந்தவர் கொட்டாஞ்சேனை கிளறன்ஸ் மாஸ்டர், பக்கம் மடியாமல் பார்க்கவும். அறுபத்திரண்டாம் ஆண்டிலிருந்து எழுதிய என் புத்தகக் கொப்பியும் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘24ஆம் வாரம் அச்சில் இல்லை, ஜவாஹிறா தந்தது’ என்று பிள்ளை எழுத்தில் தேதியோடு இருக்கிறது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் அழுகையை நிறுத்த எழுதின கதை அது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

ஜவாஹிறா, நான் வெளியே வாங்கில்தான் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு வந்தேன். வராதே என்று எழுதியிருந்தாய். பிள்ளை வீட்டில் இருக்கிறாள், இனி என்னை மறிக்க ஒன்றும் இல்லை. முகத்துவாரத்து அம்மா உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்கும் வெற்றிலையில் பாதி தந்தாள். உள்கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே எட்டிப் பார்க்கிறோம்.

நாங்கள் தைத்த கட்டுக்குள் உன் வாரம்தான் இருக்கும். அதை நான் தீர்மானித்துவிட்டேன்.

நேற்று மாலை கொப்பியில் ஒரு வரி எழுதினேன். ‘நரிமுனைக் கலங்கரை, 24ஆம் வாரம், பழைய பிரதி. எழுதியவர்: ஜவாஹிறா. கொண்டுபோனவர்: ஜவாஹிறா. கொண்டுபோன தேதி: 17.09.1996.’ பக்கத்தில், திரும்பிய தேதிக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. இந்தக் கொப்பியில் முப்பத்துநாலு வருடமாக அந்தக் கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டதில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்,
கொழுந்து